நீல் யோசித்த நேரம்

மிராண்டாவின் அழைப்பு வந்தபோது ரெனாட்டா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைக்காமல் போனை எடுத்தாள். ஈர விரலுக்கு அது இரண்டு முறை மசியவில்லை.

"நல்ல செய்தி ரெனாட்டா! நீர் வாரியத்துல எல்லாருக்கும் உங்களைப் பிடிச்சுப் போச்சு. கடைசி ரெண்டு பேர்ல நீங்க ஒருத்தர். உங்க பழைய மேனேஜருங்ககிட்ட ஒரு வார்த்தை பேசிட்டேன்னா வேலை முடிஞ்சது."

"எப்ப பேசுவீங்க?"

"இன்னிக்கே. சாயங்காலத்துக்குள்ள நான் அவங்களுக்குச் சொல்லியாகணும். ஏன், ஏதாவது பிரச்சினையா?"

"இல்ல," என்றாள் ரெனாட்டா. "ஒண்ணும் இல்ல."

மிராண்டா மெல்போர்னில் உட்கார்ந்து ஹோபார்ட் ஊர் வேலைகளுக்கு ஆள் பிடிக்கிறவள். குரலில் எப்போதும் விடுமுறை நாளின் உற்சாகக் களை ஒன்று இருக்கும். போனை வைத்த பிறகும் அந்தக் களை சமையலறையில் கொஞ்ச நேரம் மிச்சமிருந்தது. பிறகு குழாய்த் தண்ணீர் சத்தம் மட்டும்.

இதே வார்த்தைகளை ரெனாட்டா முன்பும் கேட்டிருக்கிறாள். வேறு வேறு குரல்களில், மூன்று தடவை. எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, பழைய மேனேஜரிடம் பேசினால் முடிந்தது. அதற்குப் பிறகு சத்தமே இருக்காது. ஒரு வாரம் கழித்து, கையெழுத்துகூட இல்லாத ஒரு மின்னஞ்சல்.

ஹோபார்ட் அலுவலகத்தை அவள் வேலை பார்த்த நிறுவனம் இழுத்து மூடி எட்டு மாதம் ஆகிறது. கப்பல் சரக்குகளுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனம். ரெனாட்டா அங்கே பத்தொன்பது வருடம் இருந்தாள். எல்லாரையும் அனுப்பிவிட்டு ஒரே ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அது நீல். அவளுடைய மேனேஜர். அவளுடைய அக்கா வாண்டாவின் கணவரும்கூட.

ஐம்பது வயதில் வேலை தேடுவது எப்படி என்று இந்த எட்டு மாதத்தில் அவள் கற்றுக்கொண்டாள். விண்ணப்பத்தில் முதல் பதினைந்து வருட அனுபவத்தை வெட்டச் சொன்னார்கள், வெட்டினாள். கல்லூரி முடித்த வருடத்தை அழிக்கச் சொன்னார்கள், அழித்தாள். ஒரு நேர்காணலில், அவள் மகளைவிட இரண்டு வயது மூத்த பையன் ஒருவன், திரைக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கிக் காட்டச் சொன்னான். யாரோ, எதுவோ, அவளுக்குப் பதில் எடுத்துக் கொடுக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளவாம். போலீஸுக்குக் காட்டுவதுபோல் காட்டினாள். பிறகு கல்லூரி முதல் வருடத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கணக்கைக் கொடுத்தான். சீக்கிரமாக முடித்துவிட்டாள். அதனால் சந்தேகம் இன்னும் கூடியது.

நீர் வாரிய வேலை அப்படி இல்லை. அணைகளின் நீர்மட்டத்தைக் கண்காணிக்கும் நிரல். பழையது, சிக்கலானது, யாருமே தொடப் பயப்படுவது. அவள் பேசியபோது எதிரில் இருந்த இருவரும் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். இந்த ஊரில் அவளுக்கேற்ற வேலை இனி வேறெதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. இது இல்லையென்றால் மெல்போர்ன். கணவன் கிளைவ் மெல்போர்னுக்கு வரமாட்டான். டெர்வென்ட் ஆற்றுப் படகில் கயிறு வீசுகிறவனை எந்தப் பட்டணத்துக்குக் கூட்டிப் போவது?

"யாரும்மா? அந்தச் சிரிப்புக்காரியா?"

மகள் டெஸ்ஸா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். நர்சிங் கடைசி வருடம். தலை கலைந்திருந்தது. ரொட்டியை எடுத்து நின்றபடியே வெஜிமைட் பசையைத் தடவினாள்.

"ஆமா. இன்னிக்கு நீலுக்குப் போன் பண்றாங்களாம்."

டெஸ்ஸா தடவுவதை நிறுத்தினாள். "இன்னொரு மேனேஜர் இருக்காரே, பிரிஸ்பேன்காரர்?"

"டூகல் ரிட்டயர் ஆகி கேரவனை எடுத்துக்கிட்டு வடக்கே போயிட்டார். எந்தப் பாலைவனத்துல இருக்காரோ. போன் எடுக்கறதே இல்ல."

"அப்ப நீல் அங்கிள் மட்டும்தான்."

"நீல் மட்டும்தான்."

"மூணு தடவையும் நீல் அங்கிள் மட்டும்தான்."

ரெனாட்டா கழுவிய தட்டை மறுபடியும் கழுவினாள்.

"அம்மா, நான் ஒரு யோசனை சொல்றேன், திட்டாதே." டெஸ்ஸா மூக்கைப் பிடித்துக்கொண்டு குரலை மாற்றினாள். "வணக்கம், நான் சிட்னியிலேர்ந்து ஜொசலின் பேசறேன். ரெனாட்டாவைப் பத்தி ரெண்டு கேள்வி கேக்கணும், உங்களுக்கு இப்ப நேரம் இருக்கா?"

"வேண்டாம்."

"ஒரே ஒரு தடவை. நீல் அங்கிள் என்ன சொல்றார்னு தெரிஞ்சிடும்."

"டெஸ், அவர் குடும்பத்து ஆள்."

"அதனாலதான் சொல்றேன். வெளியாளா இருந்தா எதுக்கு உன்னைக் கெடுக்கப் போறார்?" ரொட்டியைக் கடித்துக்கொண்டே சொன்னாள். "வேற எவனோ எழுதுன நிரல்ல ஒரு தப்பு இருந்தா ராத்திரி பகல் தூங்காம கண்டுபிடிப்பே. சொந்த வீட்டுத் தப்புன்னா மட்டும் கண்ணு தெரியாது உனக்கு. ஈஸ்டர் அன்னிக்கு வாண்டா ஆன்ட்டி என்ன கேட்டாங்க? மறந்துட்டியா?"

மறக்கவில்லை. போன ஞாயிறு, ஈஸ்டர் மதியச் சாப்பாட்டில், உருளைக்கிழங்கு வைத்த பியரோகிக் கொழுக்கட்டையை எல்லாருக்கும் பரிமாறிக்கொண்டே வாண்டா சர்வசாதாரணமாகக் கேட்டாள்: "ரென், அப்பாவோட குடில் உங்களுக்குப் பாரமா இருந்தா சொல்லு. நாங்க பார்த்துக்கறோம்."

ப்ரிம்ரோஸ் சாண்ட்ஸில் கடலைப் பார்த்த மரக்குடில். போலந்திலிருந்து அணை கட்ட வந்த அப்பா, ஞாயிற்றுக்கிழமைகளில் தன் கையால் அடித்து எழுப்பியது. இரண்டு மகள்களுக்கும் சரிபாதியாக விட்டுப் போனார். வேலை கிடைக்காமல் மெல்போர்ன் போனால் ரெனாட்டா தன் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டிவரும். வாண்டா கேட்டபோது நீல் தலை தூக்கவில்லை. உப்பு வேண்டுமா என்று பக்கத்தில் கிளைவ் கேட்டதற்கு அவர் யோசித்துச் சொல்வதற்குள் உப்புக்கிண்ணம் மேசையைச் சுற்றித் திரும்பி வந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். நீல் அப்படித்தான். தேநீரில் பால் வேண்டுமா என்றால்கூட, கேள்வியை உள்ளே எடுத்துப்போய், திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பதிலோடு வருவார். அலுவலகத்தில் அவளுடைய நிரலைச் சரிபார்க்கக் கொடுத்தால் மூன்று நாள் பேச்சே இருக்காது. பிறகு 'சரி' என்று ஒரு சொல் வரும். அந்த ஒரு சொல்லுக்காக ஆட்கள் காத்திருப்பார்கள்.

"நீ யாருக்கும் போன் பண்ணக் கூடாது," என்றாள் ரெனாட்டா. "சத்தியம் பண்ணு."

"சரி, பண்ணல. நீ எங்க கிளம்பறே?"

அப்போதுதான் ரெனாட்டா தன் கையில் கார் சாவி இருப்பதைக் கவனித்தாள்.

"உங்கப்பாவோட தூண்டில் எல்லாம் குடில்ல கிடக்கு. நாளைக்கு மீன் பிடிக்கப் போகணும்னார்."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை," என்றாள் டெஸ்ஸா. "நீல் அங்கிள் வெள்ளிக்கிழமைன்னா அங்க உக்காந்துதான் வேலை பார்ப்பார்."

"அப்படியா?"

டெஸ்ஸா அம்மாவையே பார்த்தாள். பிறகு மிச்ச ரொட்டியை முழுவதுமாக வாயில் போட்டுக்கொண்டாள்.

*

வழியில் வரும் சொரெல் ஊர் வரை அவள் எதையும் யோசிக்காமல் ஓட்டினாள். கடலுக்கு நடுவே போகும் சாலையில் காற்று காரை ஒரு பக்கமாகத் தள்ளியது. சொரெல் ரொட்டிக்கடையில் நிறுத்தி மாவுக்குள் சிப்பிக்கறி வைத்துச் சுட்ட ஸ்காலப் பை இரண்டு வாங்கினாள். இரண்டு எதற்கு என்று கடைக்காரி கேட்கவில்லை. ரெனாட்டாவே தன்னைக் கேட்டுக்கொண்டாள். ஒன்று நீலுக்கு. வேவு பார்க்கப் போகிறவள் பை வாங்கிக்கொண்டு போவாளா? அப்படியானால் வேவு பார்க்கப் போகவில்லை.

ஆனால் காரைக் குடில் வாசலில் நிறுத்தவில்லை. தெரு முனையில், படகு இறக்கும் இடத்தருகே நிறுத்திவிட்டு நடந்தாள். வாசலில் சேறாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மழை பெய்து பத்து நாளாகிறது.

குடிலைப் பார்த்ததும் நின்றாள்.

முன்பக்க மரத்தளம் சாம்பல் நிறத்தில் பளபளத்தது. வருடக்கணக்காக உரிந்து கிடந்த தளம். பாதி வரை பெயின்ட் அடித்திருந்தது; பிரஷ் டப்பாவின் மேல் குறுக்கே கிடந்தது. அப்பா தப்பாக அளந்து கட்டிய கோணல் படிக்கட்டு இல்லை. அந்த இடத்தில் புதிய மரத்தில் நேரான மூன்று படிகள். ஜன்னல் கண்ணாடிகள் துடைத்துத் துலங்கின. நீலின் கார் நின்றது. நீலைக் காணோம்.

கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிடவில்லை. தளத்துக்குக் கீழே, தூண்களுக்கு நடுவே, தூண்டில்கள் செருகி வைத்திருக்கும் இடத்துக்குக் குனிந்து போனாள். தூண்டில் எடுக்கத்தானே வந்தாள்.

மேலே போன் அடித்தது.

காலடிகள் வீட்டுக்குள்ளிருந்து தளத்துக்கு வந்தன. அவள் தலைக்கு மேலே நின்றன. "ஒரு நிமிஷம், கையெல்லாம் பெயின்ட்," என்றது நீலின் குரல். ஜன்னல் விளிம்பில் எதையோ வைக்கும் சத்தம். பிறகு, பலகை இடுக்குகள் வழியாக, மிராண்டாவின் விடுமுறைக் களை ஒலிபெருக்கியில் இறங்கி வந்தது.

"வணக்கம் நீல்! ரெனாட்டாவைப் பத்திக் கொஞ்சம் பேசலாமா?"

இப்போது வெளியே போய்விடலாம். இருமலாம். ஒரு தூண்டிலைக் கீழே போடலாம். ரெனாட்டா தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சைச் சின்னதாக்கினாள்.

"பேசலாம்."

"எத்தனை வருஷம் உங்ககிட்ட வேலை பார்த்தாங்க?"

"பத்தொன்பது."

"அடேயப்பா! வேலை எப்படி?"

நீல் யோசித்தார். "நான் பார்த்ததுலயே கவனமான ஆள். அவ எழுதினதை நான் சரிபார்த்தேன்னா, அது என் மனசுக்காகத்தான். தப்பு இருக்காது."

இதை அவர் ஒரு நாளும் ரெனாட்டாவிடம் சொன்னதில்லை.

"ரொம்ப நல்லது. குறைன்னு ஏதாவது?"

"கூட்டத்துல பேச மாட்டா. ஒரு விஷயம் தப்புன்னு தெரிஞ்சா மட்டும் பேசுவா. அது எல்லாருக்கும் பிடிக்காது."

உண்மைதான். இப்போதைக்குச் சொல்லத் தேவையில்லாத உண்மை.

"புரியுது, புரியுது. கடைசிக் கேள்வி. இது எல்லாரையும் கேக்கறதுதான். வாய்ப்பு கிடைச்சா அவங்களை மறுபடியும் வேலைக்கு எடுப்பீங்களா?"

நீல் பேசவில்லை.

கடல் ஒருமுறை வந்து மணலை இழுத்துக்கொண்டு போனது. எங்கோ ஒரு கடற்காகம் கத்தியது. தலைக்கு மேல் ஒரு பலகை லேசாக முனகியது. அவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறியிருக்க வேண்டும். இடுக்கிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு சொட்டு திரண்டு, நீண்டு, அவள் சட்டைக் கையில் விழுந்தது. அவள் நகரவில்லை. கடல் மறுபடியும் வந்தது.

"நீல்? நான் பேசறது கேக்குதா?"

"கேக்குது."

மறுபடியும் மௌனம். ஹோபார்ட்டில் நீலைத் தெரிந்த யாராக இருந்தாலும் இந்த மௌனத்தில் ஒரு கப் தேநீர் போட்டுக்கொண்டு வந்திருப்பார்கள். மெல்போர்ன்காரிக்கு அது எப்படிக் கேட்கும் என்று ரெனாட்டாவுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. ஒரு மனிதர், சொல்ல விரும்பாத எதையோ சொல்லாமல் விடுகிறார்.

"எடுப்பேன்," என்றார் நீல்.

"சரி." மிராண்டாவின் குரலில் களை போய்விட்டிருந்தது. "நன்றி நீல். நல்ல நாளா இருக்கட்டும்."

*

ரெனாட்டா புதுப் படிகளில் ஏறி வந்தபோது நீல் பிரஷைக் கையில் எடுத்திருந்தார். அவளைப் பார்த்தார். பிறகு அவள் சட்டைக் கையில் இருந்த சாம்பல் சொட்டைப் பார்த்தார். பலகை இடுக்கைப் பார்த்தார்.

"கீழ இருந்தியா?"

"தூண்டில் எடுக்க வந்தேன்."

"எங்க தூண்டில்?"

அவள் கையில் பை பொட்டலம்தான் இருந்தது. அதை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"ஏன் நீல் அவ்வளவு நேரம்?"

"எதுக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காதே. என்னை மறுபடி எடுப்பியான்னு கேட்டா. ஒரு வார்த்தை. அதுக்கு அவ்வளவு நேரமா?"

நீல் பிரஷை வைத்தார். கைகளைத் துணியில் துடைத்தார். ஒவ்வொரு விரலாக. ரெனாட்டா காத்திருந்தாள்; வாழ்க்கையில் பாதியை இவருக்காகக் காத்திருந்தே கழித்திருக்கிறாள்.

"மறுபடி எடுப்பியான்னா, எங்கன்னு யோசிச்சேன். இப்ப இருக்கற இடத்துக்கா? அங்க இப்ப நடக்கற கூத்துக்கு நான் உன்னை வான்னு சொல்லுவேனா? சொல்ல மாட்டேன். மனசாட்சியோட சொல்ல மாட்டேன். அப்புறம்தான், அவ அதைக் கேக்கல, பொதுவாக் கேக்கறான்னு தோணிச்சு. அப்படின்னா எடுப்பேன். அதான் சொன்னேன்."

"மூணு தடவை, நீல். இதுக்கு முன்னாடி மூணு இடம். அங்கயும் இதே கேள்வியைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நீ இதையே யோசிச்சியா?"

"வேற வேற கம்பெனி, ரென். ஒவ்வொரு தடவையும் புதுசா யோசிக்கணும் இல்லையா?"

ரெனாட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் சிரிப்பு. எட்டு மாதம். வெட்டி எறிந்த பதினைந்து வருடங்கள். தூக்கிக் காட்டிய கைகள். எல்லாம் இவர் வாய் திறக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் போய் விழுந்ததா? இதில் துரோகம் இல்லை. இவரைத் தவிர உலகத்தில் வேறு யாராலும் இது நடந்திருக்காது. நம்பிவிடலாம். அவளுக்கு நம்ப வேண்டும்போல் இருந்தது.

"பை ஆறிடும், சாப்பிடு," என்றாள்.

நீல் ஒன்றை எடுத்துக்கொண்டு புதுப் படியில் உட்கார்ந்தார். உட்காருவதற்கு முன் பெயின்ட் காய்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். அந்தத் தொடுதலில்தான் ரெனாட்டாவின் பார்வை மறுபடியும் படிக்குப் போனது. படியிலிருந்து தளத்துக்கு. துடைத்த கண்ணாடிகளுக்கு. அதற்குள்ளே தெரிந்த சுவருக்கு. அந்தச் சுவரில் அப்பாவின் நண்டுக்கூடை தொங்கும். இப்போது ஆணி மட்டும் இருந்தது.

"நீல்."

"ம்?"

"அப்பாவோட கோணப்படி எங்க?"

"உளுத்துப் போச்சு."

"பத்து வருஷமா இந்தத் தளம் உரிஞ்சு கிடந்துது. யாரும் தொடல. இப்ப யாருக்காகப் பெயின்ட் அடிக்கறே?"

குளிர்காலம் வருகிறது, மழைக்கு முன்னால் அடிக்க வேண்டும் என்று அவர் சொல்லலாம். அவரிடம் அந்தப் பதில் இருந்தது. அவளே எடுத்துக் கொடுத்திருப்பாள்.

நீல் பையைக் கடிக்காமல் கையில் வைத்திருந்தார். கடலைப் பார்த்தார்.

கேள்வியை உள்ளே கொண்டுபோய்த் திருப்பிப் பார்க்கும்போது அவர் கண்கள் சுருங்கும். பத்தொன்பது வருடம் பார்த்த கண்கள். இப்போது சுருங்கவில்லை. யோசிக்க ஒன்றுமில்லாத மௌனம் இது. உண்மையான பதில் முன்பே தயாராக இருந்தது, வெளியே வர மறுத்தது.

அவள் சட்டைப்பையில் போன் அடித்தது. மிராண்டா.

"ரெனாட்டா, உங்ககிட்ட ஒளிவு மறைவு இல்லாம கேக்கறேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, அதனால கேக்கறேன். உங்க மேனேஜர்கிட்ட பேசினேன். மறுபடி எடுப்பீங்களான்னு கேட்டப்ப அவர் ரொம்ப நேரம் பேசவே இல்ல. நான் அதை அப்படியே வாரியத்துல சொல்லணுமா, வேண்டாமா?"

"வேண்டாம்," என்றாள் ரெனாட்டா. குரல் தெளிவாகத்தான் வந்தது. "அவர் அப்படித்தான், மிராண்டா. டீக்குப் பால் வேணுமான்னு கேட்டாலும் அவ்வளவு நேரம் ஆகும். ஊருக்கே தெரியும். யாரை வேணா கேளுங்க."

மிராண்டா சிரித்தாள். களை திரும்பி வந்தது. "அப்பாடா! இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? அப்ப அவர் மௌனத்துக்கு அர்த்தம் எதுவும் இல்லன்னு எழுதிக்கலாம். அவர் எதையும் மறைக்கிற ஆள் இல்ல. அவர் வார்த்தையை நம்பலாம். அப்படித்தானே?"

ஆமாம் என்று ஒரு சொல். அவ்வளவுதான் வேண்டும். அந்தச் சொல்லுக்கு அந்தப் பக்கம் அணைகள் இருந்தன, கிளைவின் படகு இருந்தது, டெஸ்ஸாவோடு காலைகள் இருந்தன.

படியில் உட்கார்ந்திருந்த நீல் மெதுவாகத் தலை திருப்பி அவளைப் பார்த்தார். சுவரில் ஆணி தெரிந்தது. சட்டைக் கையில் சாம்பல் சொட்டு காய்ந்து இறுகியிருந்தது.

கடல் ஒருமுறை வந்து போனது.

"ரெனாட்டா?" என்றாள் மிராண்டா. "நான் பேசறது கேக்குதா?"